கூடத்துக்குள் வந்த நீள இருக்கை
வீட்டுப் பொருள்களின் வரலாறு – 19

சென்ற பகுதியில் கட்டிலைப் பார்த்தோம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளில் தொடங்கி, நம் திருச்சி மலைக்கோட்டைப் பாறையில் உள்ள படுக்கைகளையும் பார்த்துவிட்டு, பர்மா தேக்குக் கட்டிலில் வந்து நின்றோம். இந்த வாரம் செட்டீ. முதுகு சாயப் பலகையோ பிரம்புப் பின்னலோ வைத்து, இரண்டு ஓரத்திலும் கை வைத்து, இரண்டு மூன்று பேர் அக்கம்பக்கமாக உட்காரும்படி செய்த நீள இருக்கை. இன்று எல்லாவற்றையும் சோபா என்று சொல்லிவிடுகிறோம். மெத்தை தைத்த கனமான சோபா நம் வீடுகளுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே வந்து சேர்ந்தது இந்த மெலிந்த மர இருக்கை.

நாற்காலியை ஒருவருக்குத்தான் போடுவோம். வந்தவர் பெரியவரா, நாற்காலி தரத்தக்கவரா என்று பார்த்தால் போதும். நீள இருக்கையில் விஷயம் அதோடு முடியாது. ஒருவர் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இடம் மீதி இருக்கிறது. அதில் யார் உட்காரலாம்? மருமகள் உட்காரலாமா? கணக்குப்பிள்ளை உட்காரலாமா? வேறு சாதிக்காரர் உட்காரலாமா? வீட்டுச் சாமான்களில் இத்தனை கேள்விகளைச் சுமந்துகொண்டு வந்த சாமான் வேறில்லை என்று நினைக்கிறேன். காவிரிக் கரையில் அந்தக் கேள்விகளுக்கு வயது மிக அதிகம்.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன், பெற்ற மக்களோடு பகை மூண்டு மனம் வெறுத்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான். ஆற்றிடைக்குறையில் மர நிழலில் உட்கார்ந்தவன், தன் பக்கத்தில் ஓரிடத்தை விட்டுவைக்கச் சொன்னான். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாருக்காக. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார், அந்த இடத்தில் உட்கார்ந்தார். அரசனோடு தாமும் வடக்கிருக்க வந்த புலவர் பொத்தியாரின் கதை இன்னும் உருக்கமானது. உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று சொல்லி அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது சோழன் நடுகல் ஆகியிருந்தான். கல்லான பிறகும் எனக்கு இடம் தந்தான் என்று அவர் பாடியதைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. பலகை கிடையாது, கால் கிடையாது, வெறும் மணல் தரை. ஆனாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவருக்கு இடம் வைப்பது என்றால் என்ன என்பதற்கு இந்த ஊரின் முதல் சாட்சி அதுதான்.

ஆற்றின் நடுவே ஸ்ரீரங்கத்தில் அதே விஷயம் ஆண்டுதோறும் உற்சவமாக நடக்கிறது. பெரிய பிராட்டியார் ரங்கநாயகித் தாயார் படி தாண்டாப் பத்தினி. தம் சன்னிதியை விட்டு வெளியே எழுந்தருளுவதில்லை. அதனால் பங்குனி உத்திரத்தன்று நம்பெருமாள்தான் தாயார் சன்னிதிக்கு வருகிறார். அதற்குச் சில நாள் முன்னால்தான் உறையூருக்குப் போய் அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியாக அமர்ந்துவிட்டு வந்திருக்கிறார். அது தெரிந்த தாயார் கதவை அடைக்கிறார். உள்ளே விடாமல் வாதம் நடக்கிறது. மட்டையடி என்று ஊரில் சொல்லும் பிரணய கலகம் இது. நம்மாழ்வார் நடுவராக வந்து சமாதானம் செய்து வைத்த பிறகுதான் இருவரும் ஒரே ஆசனத்தில் அமர்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆண்டு முழுவதிலும் அந்தச் சேர்த்திக்கு அந்த ஒரு நாள்தான். அந்தச் சேர்த்தியின் முன்னே நின்றுதான் ராமானுஜர் கத்யத்ரயம் என்ற துதிகளை விண்ணப்பித்தார் என்பது வைணவ மரபு. பக்கத்தில் உட்காரும் உரிமையைச் சண்டை போட்டுச் சம்பாதிக்க வேண்டும் என்று வருஷா வருஷம் நடித்துக் காட்டும் ஊரில்தான், இருவர் அமரும் மர இருக்கை பின்னாளில் வந்து இறங்கியது.

செட்டீ வந்தபோது, அக்கம்பக்கமாக உட்காரவைக்கும் வேலையைச் செய்ய ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். வாசலில் திண்ணை, கூடத்தில் ஊஞ்சல்.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளின் பழைய அமைப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலுக்கு இரு பக்கமும் திண்ணை. ஒன்று அகலமானது, மற்றது ஒட்டுத் திண்ணை. பெரிய திண்ணையின் ஒரு தலைப்பில் சரிவாக எழுப்பிய திண்டு இருக்கும். படுத்தால் தலையணை, உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கட்டுச்சோற்று மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் படுத்து எழுந்து போவார்கள். தபால்காரர், கீரைக்காரம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா, சும்மா இருக்கும் இளைஞர்கள் என்று திண்ணையில் உட்கார வருகிறவர்களுக்கு அழைப்பு வேண்டாம். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்தவர்களுக்குத் திண்ணை என்னென்ன வேலை செய்தது என்று தெரியும்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது வரலாறு ஆகாது. அழைப்பு வேண்டாம் என்றது அந்தத் தெருவுக்குள் நடக்க அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். திண்ணையில் ஏறுவது இருக்கட்டும், அதன் எதிரே நடப்பதற்கே உரிமை மறுக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பழைய திண்ணைகளைப் பற்றி ஏங்கி எழுதப்படும் கட்டுரைகளில் இந்த வரி விடுபட்டுப் போகும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஊஞ்சல் கதை வேறு. ஆறடி நீளம், இரண்டடிக்குக் குறையாத அகலம், தேக்கிலோ பலாவிலோ ஒரே பலகை கிடைத்தால் அது குடும்பத்தின் பெருமை. உத்தரத்தில் மாட்டிய கொக்கிகளிலிருந்து நாலு மூலைக்கும் இறங்கும் இரும்பு அல்லது பித்தளைச் சங்கிலி. அரங்கனுக்கே ஐப்பசியில் ஊஞ்சல் உற்சவம் உண்டு. ஊரில் ஊஞ்சலுக்கு இருந்த மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் அது பெரியவரின் இடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைச் செல்லத்தோடு அவர் வந்து உட்கார்ந்தால் குழந்தைகள் தொற்றிக்கொள்ளலாம். மருமகள் உட்கார மாட்டாள். அவளுக்கு ஊஞ்சலில் கணவன் பக்கத்தில் எல்லோரும் பார்க்க உட்காரக் கிடைத்த நாள் ஒன்றுதான், கல்யாணத்தன்று. சுமங்கலிகள் சுற்றி வந்து வண்ணச் சோற்று உருண்டைகளைத் திருஷ்டி சுற்றிப் போட, பாலும் பழமும் கொடுக்க, பாட்டுப் பாட, அரை மணி நேரம் இருவரும் ஒரே பலகையில் ஆடுவார்கள். பிறகு பலகை மாமனாருக்குத் திரும்பிவிடும்.

மீதிப் பேருக்கெல்லாம் தரையும் பாயும். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய்தான் இந்த வட்டாரத்தின் உண்மையான இருக்கை. சுருட்டி வைத்தால் இடம் அடைக்காது, விரித்தால் எத்தனை பேரும் உட்காரலாம், கழுவிக் காயப்போடலாம். மரச்சாமான் இல்லாததால் நம் வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன என்று எழுதிய வெள்ளைக்காரர்கள், சுவரோரம் நின்ற பாய்ச் சுருளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனிச் செட்டீயின் பக்கம் போவோம். அது இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த பொருள் என்றுதான் பொதுவாக நம்புகிறோம். பாதி உண்மை. 17ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கடற்கரைத் தச்சர்கள் ஐரோப்பியர்களுக்காகக் கருங்காலியில் நாற்காலிகளும் நீள இருக்கைகளும் செய்துகொண்டிருந்தார்கள். முறுக்குக் கம்பி போலக் கடைந்த கால்கள், முதுகுச் சட்டம் முழுக்கப் பூவும் கொடியும் பறவையும். கப்பலேறி இங்கிலாந்து போன அந்த இருக்கைகள் எங்கே செய்தவை என்பதே நூறு ஆண்டுக்குள் அங்கே மறந்துபோயிற்று. ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றை ஆங்கிலேய டியூடர் மன்னர் காலத்துப் பொருள்கள் என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். வார்விக்ஷயரில் சார்ல்கோட் பார்க் மாளிகைக்காரர்கள் 1837இல் வாங்கிய கருங்காலித் தொகுதியில் நாற்காலிகளோடு ஒரு நீள இருக்கையும் உண்டு. முதலாம் எலிசபெத் ராணி தம் அன்புக்குரிய லெஸ்டர் பிரபுவுக்குக் கொடுத்தது என்று சொல்லி அதை அவர்களுக்கு விற்றார்கள். செய்தது நம் கடற்கரைத் தச்சன் கை. அவன் பேர் எங்கும் இல்லை.

பிரம்புப் பின்னலும் அப்படித்தான். 1660களுக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பிரம்பு போய் இறங்கிய பின்தான் லண்டனில் பிரம்பு பின்னிய இருக்கைகள் பரவின. மெத்தையைவிட மலிவு, தூசி தங்காது, பூச்சி அரிக்காது என்று அங்கே கொண்டாடினார்கள். ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பிரம்புச் செட்டீ திருச்சிக் கடைவீதிக்கு வந்தபோது, கிழக்கிலிருந்து போன பின்னல் ஆங்கிலேயச் சட்டத்தில் ஏறித் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் ஆங்கிலேயருடையது என்பதில் சந்தேகமில்லை. லண்டன் தச்சர் தாமஸ் சிப்பெண்டேல் தம் மரச்சாமான் வடிவங்களைப் படம் போட்டுப் புத்தகமாக வெளியிட்டது 1754இல். உலகெங்கும் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் புத்தகத்தின் வடிவங்களும் போயின. அதே 1754இல் திருச்சி எப்படி இருந்தது? கோட்டையைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர்களும் காக்க ஆங்கிலேயர்களும் வருஷக் கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் பிரெஞ்சுப் படை பாசறை போட்டிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1752 ஜூனில், பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தம் படையோடு சரணடைந்ததும் அங்கேதான். அந்தப் போர்களின் முடிவில்தான் ஆங்கிலேயர் இங்கே வேர் விட்டார்கள். 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனபோது திருச்சி அவர்களுடைய பெரிய ராணுவத் தளங்களில் ஒன்று. தெப்பக்குளத்தருகே கம்பெனிப் படைத் தளபதி கிளைவ் பேரில் இன்றும் வழங்கும் கட்டிடத்தைப் பார்க்கிறவர்கள், நம் நீள இருக்கையின் வழித்தடமும் அதே படையெடுப்புத்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கன்டோன்மென்ட் பங்களாக்களில் புழங்கியவை இரண்டு வகை. ஒன்று, படை இடம் மாறும்போது கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றக்கூடிய சாமான். கால் தனி, கை தனி, பித்தளைத் திருகாணியில் கோத்து நிறுத்துவது. இன்னொன்று, வராந்தாவில் நிரந்தரமாகக் கிடக்கும் பிரம்புச் செட்டீயும் நீளக்கை சாய்வு நாற்காலியும். திருச்சிச் சுருட்டு உலகப் பேர் வாங்கிய காலம் அது. 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே சாம்பலை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சுருட்டைப் பிடித்த துரைமார்கள் சாய்ந்திருந்த சாமான்களைச் செய்தவர்களும் உள்ளூர் ஆசாரிமார்களே. மாதிரிக்கு ஒரு பழைய இருக்கையைக் காட்டினால் போதும், அளவெடுத்துக்கொண்டு தேக்கிலோ ஈட்டியிலோ அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். மரக்கடை என்று ஒரு பகுதிக்கே பேர் இருக்கும் ஊரில் மரத்துக்கும் கைக்கும் பஞ்சமில்லை.

துரை மாற்றலாகிப் போனால் வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வரும். இந்தியா முழுக்க வெள்ளைக்கார அதிகாரிகளின் வழக்கம் அது. அந்த ஏலங்கள் வழியாகத்தான் செட்டீ முதலில் நம்மவர் வீடுகளுக்குள் நுழைந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள். கட்சிக்காரர்கள் வந்து காத்திருக்க வேண்டும். அவர்களில் பண்ணையாரும் இருப்பார், பட்டதாரியும் இருப்பார், துரை உத்தியோகஸ்தர் ஒருவரும் எப்போதாவது வருவார். பாய் விரித்து உட்காரச் சொல்ல முடியாது. ஆகவே முன்னறையில் ஒரு செட்டீ, சுவரோரம் ஒரு சாதாரண பெஞ்சு. யாரைச் செட்டீயில் உட்காரச் சொல்வது, யாரைப் பெஞ்சில் விடுவது என்பதை வக்கீல் குமாஸ்தா முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். வீட்டுக் கூடத்தில் அப்போதும் ஊஞ்சல்தான். செட்டீ ரேழியைத் தாண்டி உள்ளே போக இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது.

அந்தத் தலைமுறைக்கு அக்கம்பக்கமாக உட்காரப் பழக்கியவை வீட்டுக்கு வெளியே இருந்த பெஞ்சுகள். தேவாலயங்களில் அது பெரிய சண்டையாகவே நடந்தது. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். தனித்தனியாக உட்கார்ந்து பழகிய தஞ்சாவூர், திருச்சிச் சபைகள் கலங்கின. பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே இறைவனை வணங்கச் சம்மதித்தவர்களுக்கு ஒரே வரிசையில் உட்காரச் சம்மதமில்லை. இருக்கையின் வரலாறு எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டாம்.

சுற்றறிக்கையால் முடியாததில் ஒரு பகுதியை ரயில் செய்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக வந்த இருப்புப்பாதை 1862இல் திருச்சியைத் தொட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே மரப்பலகை. முழங்கால் இடிக்க, தோள் உரச, பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமல் தஞ்சாவூர் வரை போக வேண்டும். விருப்பப்பட்டு யாரும் மாறவில்லை. இறங்கியதும் குளித்தவர்கள் உண்டு. ஆனாலும் உடம்புக்கு ஒரு பழக்கம் வந்தது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தபோது, பெட்டிகளின் தேக்கு வேலை தெரிந்த தச்சர்களும் இந்த ஊர்க்காரர்கள் ஆனார்கள். பெட்டிக்குள் பெஞ்சு போடும் கைகளுக்கு வீட்டுக்குச் செட்டீ செய்வது பெரிய காரியமில்லை. கழுந்தும் துளையும் பிசகாமல், ஆணி குறைவாக, தலைமுறை தாங்கும் வேலை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், பின்னல் மாற்றுவதற்காக முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த அப்படிப்பட்ட ஒரு செட்டீயை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மேல்பக்கம் அரக்குப் பாலிஷில் கறுத்து மின்னிய மரம், அடியில் நேற்று இழைத்தது போலப் பழுப்பு நிறத்தில் இருந்தது. ரம்பத்தின் பல் தடம்கூட அழியவில்லை. முன்கால்கள் கடைசல் பிடித்தவை. பின்கால்களோ தரையிலிருந்து முதுகுச் சட்டத்தின் உச்சி வரை ஒரே துண்டு மரம், லேசாகப் பின்பக்கம் சாய்த்து வெட்டியது. சாய்கிறவர்களின் பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் விழும். அங்கே மூட்டு வைத்தால் பத்து வருஷத்தில் பிளந்துவிடும் என்று ஆசாரிக்குத் தெரிந்திருக்கிறது. உட்காரும் சட்டத்தைச் சுற்றிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள். தண்ணீரில் ஊறவைத்த பிரம்புத் தோலை முதலில் நெடுக இரண்டு ஓட்டம், பிறகு குறுக்கே இரண்டு ஓட்டம், அதற்குப் பின் இரு மூலைவாட்டிலும் ஒவ்வொரு ஓட்டம் என்று இழுத்துக் கட்டினால் எட்டு மூலைக் கண்கள் விழும். காய்ந்ததும் பறை போல விறைத்துக்கொள்ளும். கடைசியாக ஓரத் துளைகளை மறைத்து ஒரு பட்டைப் பிரம்பு.

பழைய பின்னல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தொய்யவில்லை. நடுவில் ஓரளவு இறுக்கமாகவே இருந்தது. கிழிந்து குழிந்தது வாசலைப் பார்த்த ஓரம் மட்டும். வீட்டுப் பெரியவர் ஐம்பது வருஷம் உட்கார்ந்த இடமாம். திண்ணையை இடித்து அறையாக்கிய பிறகு அவர் செட்டீயின் அந்த ஓரத்துக்கு வந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெருவில் ஒரு துண்டு தெரியும்.

பிரம்புச் செட்டீயில் பெரிய தொல்லை மூட்டைப்பூச்சி. பட்டைப் பிரம்புக்கு அடியில், துளைகளுக்குள் குடும்பம் நடத்தும். கோடையில் செட்டீயைத் தெருவில் கொண்டுபோய் வெயிலில் சாத்தி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, தரையில் தட்டித் தட்டி எடுப்பது அந்த நாள் வீடுகளில் வருஷாந்திரச் சடங்கு. விருந்தாளிக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு, அவர் நெளிகிறாரா என்று வீட்டுக்காரர்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கூடத்துக்குள் செட்டீயை நிரந்தரமாக இழுத்து வந்தது வானொலி என்று சொல்வேன். 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. பெட்டி வாங்க வசதியுள்ள வீடுகளில் அதற்கென்று ஒரு மேஜை, மேலே ஒரு பூத்துணி. கச்சேரி கேட்க அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டால் சங்கிலி கிறீச்சிடும். ஆகவே வானொலியைப் பார்த்தபடி செட்டீ. முதல்முறையாக வீட்டு ஆண்களும் பெண்களும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பெண்கள் முதலில் தரையில், செட்டீயின் காலருகே. பிறகு கையின் மேல் சாய்ந்தபடி. நெடுநாள் கழித்துத்தான் இருக்கையில். எந்த வீட்டில் எந்த வருஷம் அது நடந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நம் குடும்பங்களில் நடந்த முக்கியமான மாற்றங்களில் அதுவும் ஒன்று.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா தேக்கு வரவு நின்றது. போருக்குப் பின் மரம் விலை ஏறிக்கொண்டே போனது. திருச்சிக்குப் புதிய தொழில்கள் வந்தபோது மரச் செட்டீயின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1965இல் திருவெறும்பூரில் பெல் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டு படைக்கலத் தொழிற்சாலை. பெல் ஊழியர்களின் கைலாசபுரம் குடியிருப்பு வீடுகளில் திண்ணையும் கிடையாது, ஊஞ்சல் மாட்ட உத்தரமும் கிடையாது. கதவைத் திறந்தால் நேரே முன்னறை. அதில் என்ன போடுவது? இரும்புக் குழாயை வளைத்து நைலான் ஒயர் பின்னிய இருக்கைகள் வந்தன. பிரம்புப் பின்னலின் வேலையை அதே ஒயரில் கூடை பின்னிய பெண்களின் கைகள் தொடர்ந்தன. அடுத்து ரெக்ஸின். பிறகு நுரைப் பஞ்சு. மூன்று பேர் அமரும் ஒன்று, தனியாள் அமரும் இரண்டு என்று செட்டாக வாங்கும் வழக்கம் அப்போது வந்ததுதான். பெண் பார்க்க வந்தவர்களின் வரிசை அதிலிருந்து மாறியது. ஜமக்காளத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்த இடத்தில், மாப்பிள்ளையும் பெற்றோரும் மூன்று பேர் இருக்கையில், மாமாக்கள் தனி இருக்கைகளில், பெண் வீட்டார் நின்றுகொண்டு.

1980களுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் திண்ணைகள் வேகமாகக் குறைந்தன. பாகம் பிரித்த வீடுகளில் திண்ணை கடையாயிற்று, ஸ்கூட்டர் நிறுத்துமிடமாயிற்று. 1987இல் ராஜகோபுரம் எழும்பி ஊருக்குக் கூட்டம் பெருகியது, 1994இல் ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது, அடுக்குமாடிகள் வந்தன. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் சோபாவுக்கு வந்துவிடவில்லை. சோபாவுக்கு அழைப்பு வேண்டும், காலிங்பெல் அடிக்க வேண்டும், போன் செய்துவிட்டு வர வேண்டும். கீரைக்காரம்மா இப்போது மாடிப்படியில் உட்காருகிறார். அதே சமயம், பாட்டன் காலத்தில் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாதவரின் பேரன், அலுவலக நண்பனாக வந்து அதே மனையில் எழுந்த வீட்டின் சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். எல்லா வீட்டிலும் இல்லை, சில வீடுகளில். இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கல்யாண மண்டபங்களில் மட்டும் பழைய கேள்வி புதுப் பளபளப்போடு நிற்கிறது. காலையில் ஊஞ்சல், மாலையில் வரவேற்புக்குச் சிவப்பு வெல்வெட்டும் தங்க நிறச் செதுக்கலும் கொண்ட வாடகைச் சோபா. பெண் இப்போது கணவன் பக்கத்தில் அரை மணி நேரம் மட்டும் இல்லை, வீட்டுக்குப் போன பிறகும் உட்காருகிறாள். இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

பழைய பிரம்புச் செட்டீ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னல் கிழிந்தால் பிளைவுட்டை அறைந்து நுரை மெத்தை போட்டுவிடாதீர்கள். ஆணி அடித்தால் ஓரத் துளைகள் பிளந்துபோகும். மறுபடி பின்ன முடியாது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் கடலைச் சேரும் பக்கத்தில், சீர்காழிக்கு அருகே தைக்கால் என்ற ஊர் இருக்கிறது. சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள். வெளி மாநிலத்திலிருந்து வரும் பிரம்பை ஊறவைத்து, சீவி, வளைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. கைவேலைக்குக் கூலி சற்று ஆகும்தான். ஆனால் சட்டம் நல்ல தேக்காக இருந்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு உட்காரலாம்.

(அடுத்த பகுதி: சாய்வு நாற்காலி)